மழைக்காலத்தில் வரும் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்பதைத் தூத்துக்குடியில் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடைவீதிக்குப் போனால் போதும். பேக்கரிகளில் மக்ரூன் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். வாசல்தோறும் காகித நட்சத்திரம் தொங்கும்.

அந்த மக்ரூன் பெட்டிகள் யார் வீட்டுக்குப் போகின்றன? சம்பந்தி வீட்டுக்கு, மேலதிகாரி வீட்டுக்கு, வியாபாரத்தில் வேண்டியவர் வீட்டுக்கு. சில நாட்களில் அங்கிருந்தும் ஒரு பெட்டி வந்து சேரும். கணக்கு நேராகிவிடும். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. விருந்து வைத்தால், திருப்பி விருந்து வைக்க வசதியில்லாத ஏழைகளை அழையுங்கள் என்பதுதான் இயேசுநாதரின் உபதேசம். லூக்காவின் சுவிசேஷத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்.

அப்படிப்பட்டவர்களைத் தேடித் தூத்துக்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஊர் எல்லையிலேயே உப்பளங்கள் இருக்கின்றன. அக்டோபரில் மழை பிடித்தால் உப்பு வாருவது நிற்கும். கோடை முழுவதும் கொதிக்கும் வெயிலில், கண் கூசும் வெண்மைக்கு நடுவே, கால் வெடிக்க நின்றவர்களுக்கு அதோடு கூலியும் நிற்கும். இந்த மூன்று மாதத்தைச் சமாளிக்க அரசாங்கம் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. தந்தது நல்ல காரியம். ஆனால் மூன்று மாத அடுப்புக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் குடும்பம் நடத்துகிற பெண்களிடம்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்குப் பண்டிகை மாதமாக இருக்கும் டிசம்பர், இவர்களுக்குப் பஞ்ச மாதம்.

கொடுப்பதைப் பற்றி இந்த முத்துக்குளித்துறைக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகப் படையினர் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் புகுந்து சூறையாடினார்கள். பரதவ ஜனங்கள் உயிருக்கு அஞ்சிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். சோறும் இல்லை, குடிக்க நீரும் இல்லை. மணப்பாட்டிலிருந்த பிரான்சிஸ் சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தோணிகள் திரும்ப நேர்ந்தது. பின்னர் அவர் தரை வழியாகவே போய் அந்த ஜனங்களைப் பார்த்தார்.

அந்த நாட்களில் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பட்டங்கட்டிகளிடம் சொல்லி உதவி திரட்டும்படி அவற்றில் கேட்கிறார். அதோடு ஒரு நிபந்தனையும் விதிக்கிறார். ஏழைகளிடம் எதுவும் வாங்கக் கூடாது. வசதியுள்ளவர்களிடமும் அவர்கள் மனமொப்பித் தந்தால்தான் வாங்க வேண்டும். பாறையில் ஜனங்கள் பட்டினியால் சாகிற அவசரத்திலும் இந்த நிபந்தனையை அவர் மறக்கவில்லை!

இன்று நம் கண்ணில் படுவது என்ன? குடில் ஜோடனைக்கு, மின்விளக்கு அலங்காரத்துக்கு, ஒலிபெருக்கிக்கு என்று சில ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கிறார்கள். விசைப்படகு வைத்திருப்பவருக்கும் அதே தொகை. வலை பின்னிக் கூலி வாங்குகிற விதவைக்கும் அதே தொகை. ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சண்டை மூட்டுவது நம் நோக்கமல்ல. தராவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று பயந்து கொடுப்பதை மனமொப்பிக் கொடுத்ததாகக் கருத முடியுமா என்று பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

2023-இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை புரண்டது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பும் கரைந்து போயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதில் ஏறத்தாழ 800 பிரயாணிகள். சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படை வந்து சேருமுன் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள். தங்கள் ஊரும் வெள்ளத்தில் சிக்கியிருக்க, வீட்டு அரிசியைக் கொண்டு வந்து கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். யார் எந்த ஊர், என்ன மதம் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. சாப்பிட்டவர்கள் திருப்பி விருந்து வைப்பார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளம் வந்தால் ஊரே திரண்டுவிடுகிறது. வெள்ளம் வராத வருஷங்களிலும் உப்பளத்தில் மழைக்காலம் உண்டு. அப்போது ஹெலிகாப்டர் வராது. பத்திரிகைகளில் படமும் வராது.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு பொட்டலம் பிரியாணியும் ஒரு சேலையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சங்கங்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். பண்டிகைக் காலம் டிசம்பர் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். காணிக்கை கொண்டுவந்த ராஜாக்களே தாமதமாகத்தான் வந்தார்கள்! அன்றைக்கு ஒரு மூட்டை அரிசியோடு உப்பளத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பாத்திகளில் அப்போதும் மழைத்தண்ணீர்தான் நிற்கும்.