பாட்டிக்குத் தள்ளுவண்டி ஏன் பிடிக்கிறது?



சுங்கைப்பட்டாணி பேரங்காடியில் என் பாட்டி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பார். ஆனால், வீட்டிலிருந்து கோயிலுக்குப் பத்து நிமிடம் நடந்தால் கால்கள் மரத்துப்போகும். வழியில் எங்காவது உட்கார்ந்துவிடுவார். "கடைக்குப் போனால் மட்டும் கால் வலிக்காதோ?" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அது எங்கள் அறியாமை.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே உள்ள பாதை வழியாகத்தான் கால்களுக்கான நரம்புகள் இறங்குகின்றன. வயதாகும்போது இடைவட்டு பிதுங்கலாம். மூட்டு எலும்பும் தசைநாரும் தடிக்கலாம். பாதை குறுகி, நரம்புகள் நெருக்கப்படும். நிமிர்ந்து நின்றால் பாதை மேலும் குறுகும். முன்னால் குனிந்தால் சற்று விரியும். தள்ளுவண்டியில் சாய்ந்து குனிந்ததால்தான் பாட்டியால் நடக்க முடிந்தது! இதே காரணத்தால் சிலருக்கு நடப்பதைவிடச் சைக்கிள் ஓட்டுவது எளிது.

காலில் இரத்தக் குழாய் அடைத்தாலும் நடக்கும்போது வலிக்கும். ஆனால், அந்த வலி அசையாமல் நின்றாலே குறையும். நரம்பு வலி குறைய உட்காரவோ குனியவோ வேண்டும். எனவே, எது என்று மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, காண்டா வாளி சுமந்தவர்கள் நம் கெடா தோட்டத்துப் பாட்டி தாத்தாக்கள். இன்று அவர்கள் நடக்கத் தடுமாறினால், "வயசானா அப்படித்தான்" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். இது அன்பு அன்று, தவறு என்பேன். நடக்காத காலில் தசை மெலியும். மெலிந்தால் விழும் ஆபத்து கூடும்.

அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்த 169 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை, மற்றதற்கு இயன்முறைப் பயிற்சி. 2015-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு குழுவினரின் உடல் இயக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியிருந்தது. ஆனால், பயிற்சிக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறினர் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆகவே, அறுவை சிகிச்சை எதிரி அன்று. பலருக்குப் பயிற்சியை முதலில் முயன்று பார்க்கலாம் என்பதே என் கருத்து.

பயிற்சி எலும்பைக் கரைக்காது. குறுகிய பாதையை அகலமாக்காது. வயிறு, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தி, முதுகைத் தளர்த்தி, நடக்கும் தூரத்தைக் கூட்ட உதவும். வலி மாத்திரையால் இதைச் செய்ய முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்? பாட்டி எத்தனை நிமிடம் நடந்ததும் நிற்கிறார், எப்படி இருந்தால் வலி குறைகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதை அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடம் காட்டி, இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அங்கே கற்றுத்தரும் பயிற்சியைத் தினமும் பாட்டியோடு நீங்களும் செய்யுங்கள். காணொளி பார்த்து நீங்களாகவே தொடங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என் பாட்டி இப்போதும் கோயிலுக்கு நடந்தே போகிறார். வழியில் இரண்டு முறை உட்காருகிறார். நாங்களும் கூடவே உட்காருகிறோம். கிண்டல் மட்டும் இல்லை.