கிடங்குக்கு முதல் மருந்து விளக்குமாறு

பாடுபட்டு விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததைக் காப்பாற்றுவது மீதிப் பாதி. வயலில் பூச்சி தென்பட்டால் மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். ஆனால் களத்தை விட்டுப் போன மூட்டையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கிடங்குக்குப் போய்விட்டது, இனிப் பத்திரம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

சிறு விவசாயி வீட்டில் பத்தாயமும் குதிரும் இருந்த காலம் போய்விட்டது. இப்போது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கு, கூட்டுறவுச் சங்கக் கிடங்கு, ஊரிலுள்ள தனியார் குடோன் ஆகியவைதான் நமக்குப் பத்தாயம். அறுவடைச் சமயத்தில் விலை சரிந்து கிடக்கிறது. மூட்டையை இருப்பு வைத்து, ரசீதின் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக் கைச்செலவைச் சமாளித்து, விலை ஏறியதும் விற்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் உளுந்தில் ஓட்டை, கடலையில் பூசணம், நெல் மூட்டையில் எடைக் குறைவு. கேட்டால், "பூச்சி விழுந்துவிட்டது, என்ன செய்வது?" என்று பதில் வருகிறது.

பூச்சி சும்மா விழுவதில்லை. பெருக்காத கிடங்கில்தான் அது பெருகுகிறது. மூட்டைகள் மலைபோல் வந்து குவியும் பருவத்தில்தான் பெரும்பாலான கிடங்குகளில் பெருக்குவது நின்றுபோகிறது. இதை விவசாயிகள் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது?

போன பருவத்து நெல் வெளியேறிய பிறகு கிடங்கு காலியாகத் தோன்றும். ஆனால் தரை வெடிப்பிலும் சுவர் மூலையிலும் மரச்சட்டத்தின் அடியிலும் சிந்திய மணி கிடக்கும். அதுதான் பூச்சிக்கு இருப்பிடமும் உணவும். அரிசிக் கூன்வண்டு ஒன்று தன் வாழ்நாளில் 300 முட்டைக்கு மேல் இடக்கூடியது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். கப்ரா வண்டின் புழுவோ, உணவே இல்லாமல் வெடிப்புக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புது மூட்டை வந்ததும் வெளியே வரும். மேலே மருந்தடித்துவிட்டு அடியிலுள்ள குப்பையை விட்டுவைப்பது, களையின் நுனியைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பது போன்றதுதான்.

எலிக்கும் இது பொருந்தும். எலி தின்பதைவிடச் சிந்துவதும் கெடுப்பதும் அதிகம். அதன் சிறுநீர் பட்ட தரையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் அபாயமும் உண்டு. கிடங்கின் தளத்தைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டுவதே எலி ஏறாமல் இருக்கத்தான். ஆனால் வாசலில் உடைந்த பலகையையும் பழைய சாக்கையும் சாய்த்து வைத்தால் அந்த உயரத்தால் பயன் இல்லை. எலிக்கு நாமே படி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

"நேரம் எங்கே இருக்கிறது?"

கிடங்கு நிர்வாகிகளைக் கேட்டால், "லாரி வரிசையாக நிற்கிறது, பெருக்க நேரம் ஏது?" என்பார்கள். அவர்கள் சிரமம் உண்மையானதுதான். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு விவசாயி 40 கிலோ மூட்டையாக 50 மூட்டை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 1 கிலோ சிந்தியும் அரித்தும் போனால் 50 கிலோ நஷ்டம். ஒரு முழு மூட்டைக்கும் மேல். அப்படி 100 பேர் வைத்திருந்தால் 5 டன். இதோடு ஒப்பிட்டால், தினமும் மாலையில் இரண்டு ஆட்கள் ஒரு மணி நேரம் பெருக்குவதற்கான கூலி பெரிய தொகையா?

பெருக்கும் வேலையை, "யாராவது செய்யட்டும்" என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள். அதற்கென ஆளும் கூலியும் நேரமும் ஒதுக்க வேண்டும். கூட்டி அள்ளிய சிந்தலைப் புடைத்து, எடை போட்டு, கணக்கில் எழுத வேண்டும். சிந்தல் யாருக்குப் போகிறது என்பது தெரியாத கிடங்கில் சிந்துவது குறையாது. கொக்கி போட்டு மூட்டையை இழுப்பது, குத்தூசி போட்ட ஓட்டையை அப்படியே விடுவது, கிழிந்த சாக்கைத் தைக்காமல் அடுக்குவது எல்லாம் சிந்தலைக் கூட்டும் பழக்கங்கள்.

அடுக்கும் முறையும் முக்கியம். வெறுந்தரையில் மூட்டை வைக்கக் கூடாது. மரச்சட்டமோ மூங்கில் பாயோ அடியில் வேண்டும். சுவரை ஒட்டி அடுக்கினால் சுவரின் ஈரம் மூட்டைக்கு ஏறும். ஆள் நுழைந்து பெருக்கவும் முடியாது. சுவருக்கும் அடுக்குக்கும், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஆள் தாராளமாக நடக்க இடைவெளி வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். இடமில்லை என்று நடைபாதையில் பத்து மூட்டை வைப்பதில்தான் சீர்கேடு தொடங்குகிறது.

மருந்து மூட்டை வேறு, தானிய மூட்டை வேறு

சிறிய கிடங்குகளில் உரம், பூச்சிமருந்து, விதை, தானியம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் வழக்கம் இருக்கிறது. இது மிகவும் ஆபத்தானது. 1958-ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பொருளையும் மருந்தையும் ஒன்றாக ஏற்றி வந்ததில் மருந்து கசிந்ததே காரணம். பிறகுதான் 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அத்தனை உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை, இடப் பற்றாக்குறை என்று சொல்லி மறந்துவிடக் கூடாது. மருந்துக்குத் தனி அறை, தனிப் பூட்டு வேண்டும்.

ஒரு காலத்தில் தானியப் பாதுகாப்புக்குச் சிபாரிசு செய்யப்பட்ட மருந்துகள் பலவும் இன்று தடைசெய்யப்பட்டவை. பி.எச்.சி. 1997-இலும், ஈ.டி.பி. 2001-இலும் தடைசெய்யப்பட்டன. டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. பழைய இருப்பு மூலையில் கிடந்தால் அதை உபயோகிக்கக் கூடாது. வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்று பெரிதும் நம்பப்படுவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. 3 கிராம் எடையுள்ள மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வாயு கிளம்பும். பூச்சியையும் எலியையும் கொல்லும் இந்த வாயு ஆளையும் கொல்லும். அதனால்தான் இதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று கட்டுப்பாடு உள்ளது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காக ஒரு வீட்டில் வைத்த மருந்தின் நச்சுக்காற்றால் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். தாமே மாத்திரை வாங்கி மூட்டைக்குள் செருகும் பழக்கத்தை விவசாயிகள் அடியோடு விட்டுவிட வேண்டும்.

கிடங்கிலும், ஓட்டையில்லாத உறையால் அடுக்கை மூடி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்தி, ஒரு வாரம் பிரிக்காமல் வைத்தால்தான் மருந்து பலன் தரும். கிழிந்த உறையைப் போட்டு அரைகுறையாகச் செய்தால், சாகாமல் தப்பிய பூச்சிகள் மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றுப் பெருகுகின்றன. நம் நாட்டிலேயே இத்தகைய பூச்சிகளை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆகவே மருந்து கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும். சுத்தமான கிடங்கில் அதன் தேவையும் குறையும், பலனும் கூடும்.

ஆளும் பத்திரமாக இருக்க வேண்டும்

சரக்கைப் பற்றிப் பேசும்போது அதைச் சுமப்பவர்களை மறந்துவிடுகிறோம். நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு, சிந்திய நெல் கிடக்கும் தளம் வழுக்குப் பாறைதான். சாய்ந்து நிற்கும் அடுக்கு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. அடுக்கை அடியிலிருந்து உருவாமல், மேலிருந்து படிப்படியாகவே பிரிக்க வேண்டும். நடைபாதையில் நல்ல வெளிச்சம் வேண்டும். தூசிக்கு மூக்கை மூடத் துணியும், குடிக்கத் தண்ணீரும், காயத்துக்கு முதலுதவிப் பெட்டியும் வேண்டும். மருந்து வைத்த கிடங்கின் கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே ஆளை உள்ளே விட வேண்டும்.

சாக்கு அடுக்கிய இடத்தில் பீடி பற்றவைப்பதும், ஒயரைத் தாறுமாறாக இழுத்து விளக்குப் போடுவதும் ஒரு ஊரின் விளைச்சலையே சாம்பலாக்கிவிடும். மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும் மூட்டைக்குப் பின்னால் மறைந்திருக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நம் பங்கு என்ன?

எல்லாக் குற்றத்தையும் கிடங்கின் மீதே போடுவது நியாயமாகாது. பயறு வண்டும் அந்துப்பூச்சியும் வயலிலிருந்தே உடன் வருவதுண்டு. ஈரச் சரக்கு ஒரு மூட்டை போதும், பக்கத்து மூட்டைகளையும் சூடேற்றிக் கெடுக்க. இருப்பு வைக்கும் நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பயறு வகைகளை 10 சதவீதம் வரையிலும், நிலக்கடலையை 8 சதவீதம் வரையிலும் காயவைக்க வேண்டும். கடலைக் காயைக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பயற்றைக் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். ஈரக் கடலையில் வளரும் பூசணம் அப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது வந்தபின் காயவைத்தும் பயனில்லை. பழைய சாக்கை நல்ல வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, உதறி, அதன் பிறகே உபயோகிக்க வேண்டும்.

நம் பங்கைச் செய்துவிட்டால், கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் அதைக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே 151-வது பிரிவில் சொல்கிறது. 2007-இல் வந்த சேமிப்புக் கிடங்குச் சட்டமும் கிடங்கு நடத்துபவரின் பொறுப்பை வலியுறுத்துகிறது. ஆகவே மூட்டையை இறக்குமுன் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எடையும் ஈரப்பதமும் ரசீதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது போய், தம் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் நாலு பேராகப் போய்க் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கமானால், உறுப்பினர் கூட்டத்திலேயே கிடங்கின் சுத்தம் பற்றிப் பேச வேண்டும்.

தையில் சம்பா அறுவடை மூட்டைகள் வந்துவிடும். வந்தபின் பெருக்க முடியாது. மார்கழியிலேயே ஒவ்வொரு கிடங்கையும் காலி செய்து, ஒட்டடை அடித்து, வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து, வேளாண்மை அலுவலர் சொல்லும் மருந்தைச் சுவரிலும் தரையிலும் தெளித்துத் தயாராக வைக்க வேண்டும். இதை இப்போதே போய்க் கேளுங்கள். நம் மூட்டைக்கு வாடகை வாங்குபவர்கள் இதையாவது செய்யத்தான் வேண்டும்.