கடற்கரை வீதிக்குத் தண்டவாளமாம்!

அண்மையில் எங்களூர்க் கலியாண வீடொன்றில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருந்த அறுவரில் ஒருவர், மெல்பேர்னிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர். படித்தவர், பண்பானவர், ஊர்ப்பற்று மிக்கவர். சோற்றுக்கு நடுவே அவர் தமது திட்டத்தை விரித்தார். கொழும்புப் புறக்கோட்டையின் பிரதான வீதியில் பழைய ட்ராம் வண்டியை மீண்டும் ஓடவிட வேண்டுமாம். அது வெற்றி பெற்றால் அடுத்தது நமது கரை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலடியிலிருந்து மருதமுனை வரை, அலைகளைப் பார்த்தபடி, மரப்பலகை ஆசனங்களோடு ஒரு பாரம்பரிய ட்ராம். "உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவார்கள் காக்கா" என்றார். சுற்றியிருந்தோர் தலையாட்டினர். எனக்கு மட்டும் சோறு தொண்டையில் நின்றது.

ட்ராம் வண்டியின் மீது எனக்கு வெறுப்பில்லை. எட்டு வயதில், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பு பார்க்கப் போனபோது அதைக் கண்டிருக்கிறேன். வீதியின் நடுவே இரும்பின் மீது இரும்பு அரையும் அந்த ஓசையும், மணியடித்து வழி கேட்ட அதன் அதிகாரமும் இன்னும் காதில் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டோடு அது கொழும்பை விட்டு நீங்கிற்று. அதன் இடத்தைப் பிடிக்க வந்த ட்ரொலி பஸ்களும் 1964இல் போயின. ஆகவே, நினைவின் இனிமையை நான் அறிவேன். ஆனால் என் நினைவுக்குச் செலவு செய்யுமாறு சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளியிடம் கேட்க எனக்கு என்ன உரிமை?

முதலில், 'பாரம்பரியம்' என்று எதைச் சொல்கிறோம்? கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடிய அந்த வண்டிகள் உல்லாசத்துக்காக ஓடியவையல்ல. பூஸ்டட் என்ற ஆங்கிலக் கம்பனி காசு பார்ப்பதற்காக ஓட்டியவை. துறைமுகக் கூலியாளும் எழுதுவினைஞரும் வேலைக்குப் போவதற்காக ஏறியவை. 1929இல் அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையில் பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயின. 1944இல் மாநகர சபை அந்தச் சேவையைப் பொறுப்பேற்றது. இந்த வரலாற்றைக் கழுவிவிட்டு, பித்தளைக் கைப்பிடியையும் மரப்பலகையையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பாரம்பரியமல்ல, அலங்காரம். அந்த அலங்காரமும் கொழும்புக்கு உரியது. கல்முனையில் என்றைக்குமே ட்ராம் ஓடியதில்லை. இல்லாத ஒன்றை எப்படித் 'திரும்பக் கொண்டுவருவது'?

இளைஞர் வெளிநாட்டு உதாரணங்களை அடுக்கினார். அவற்றையும் பார்த்துவிடுவோம். சான் பிரான்ஸிஸ்கோவின் கரையோரத்தில் பழைய வண்டிகள் அழகாக ஓடுகின்றன; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீதி எப்படி அகலமாயிற்று? 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த மேம்பால நெடுஞ்சாலையொன்றை 1991இல் இடித்துத் தள்ளினார்கள்; அந்த வெளியில்தான் 2000ஆம் ஆண்டு தண்டவாளம் வந்தது. அவர் வாழும் மெல்பேர்னில் நகரைச் சுற்றும் பழைய ட்ராமுக்குக் கட்டணமே இல்லை. உண்மை. ஆயின் அது ஓடும் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பராமரிப்பது, உலகின் மிகப் பெரிய ட்ராம் வலையமைப்புகளுள் ஒன்று. தினமும் வேலைக்குப் போகும் சனம் கொடுக்கும் காசில் தாத்தா வண்டியும் ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் உழைக்கும் வீட்டில்தான் தாத்தா சாய்மனைக் கதிரையில் இருக்கலாம்.

ஒடுங்கிய பழந்தெருக்களில் ஓடும் ட்ராமுக்குப் புகழ்பெற்ற ஊர் லிஸ்பன். அங்கே 28ஆம் இலக்க வண்டியில் உல்லாசப் பிரயாணிகள் நெருக்கியடித்து நிற்க, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கிழவி இடமில்லாமல் நடந்து போகிறாள். கொல்கத்தாவின் கதை இன்னும் கசப்பானது. 1873இல் குதிரை ட்ராமைக் கண்ட நகரம் அது. 2024 செப்டெம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானத்தையும் எஸ்பிளனேடையும் இணைக்கும் ஒரு சிறு பாதையைப் 'பாரம்பரியம்' என்று வைத்துக்கொண்டு ஏனையவற்றை மூடப்போவதாக அறிவித்தது. விடயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாரம்பரியம் என்ற சொல் அங்கே காப்பாற்றுவதற்குப் பயன்படவில்லை; மையித்தின் மீது போர்த்தும் கபன் துணியாகப் பயன்பட்டது.

புறக்கோட்டைப் பிரதான வீதிக்கே வருவோம். நாட்டாமிமார் கைவண்டியில் துணிமூட்டை தள்ளிக்கொண்டு 'பாரம், பாரம்' என்று கூவுகிற வீதி அது. மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தையும் சேலையையும் விற்க நம்மவர்கள் ஏறி இறங்கிய கடைகள் அங்கும் அதன் குறுக்குத் தெருக்களிலும்தான் உள்ளன. ட்ராம் வண்டிக்கு ஒரு குணமுண்டு: அது விலகத் தெரியாத வண்டி. லொறியொன்று சரக்கிறக்க நின்றால் பின்னால் வரும் ட்ராம் நிற்கும். ட்ராம் நின்றால் வீதியே நிற்கும். பிறகென்ன செய்வார்கள்? ட்ராமை அகற்றமாட்டார்கள், நாட்டாமியை அகற்றுவார்கள். அழகுபடுத்தல் என்ற பெயரில் ஏழையின் பிழைப்பு அகற்றப்பட்டதை என் தொழில் வாழ்வில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். (கொழும்புக்கு நவீன இலகு ரயில் வேண்டுமா? அதுவும் வருவதாக இருந்தது. ஜப்பானின் கடனுதவியில் மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 2020 செப்டெம்பரில் அதை ரத்துச் செய்தார்கள். வேலைக்குப் போவோரின் ரயிலை ரத்துச் செய்த நாட்டில்தான் வேடிக்கை பார்ப்போரின் ரயிலைப் பற்றிப் பேசுகிறோம்.)

இனி நமது கரை. பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி ஓடும் நமது ஒழுங்கைகளில் இரண்டு முச்சக்கர வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்க வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை அந்த ஒழுங்கைகளுக்குள்ளேதான் சனம் சிக்கிக்கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை. அதற்குப் பின் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் வீடு கட்டக்கூடாது என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். ஓலைக்குடிசை போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட அந்த மணலில் மின்கம்பியும் தண்டவாளமும் போடலாமா?

கடலும் சும்மா இருக்கவில்லை. ஒலுவில் துறைமுகத்தை மர்ஹூம் அஷ்ரப் கனவு கண்டார்; டென்மார்க்கின் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். சரக்குக் கப்பல்கள் வரவில்லை. மணல் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைக் கற்சுவர் மறித்துக்கொள்ள, வடபுறத்தில் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிந்து தென்னந்தோப்புகள் கடலுக்குள் சரிந்தன. கற்களைக் கொட்டினார்கள், கொட்டிய கல்லுக்கு அப்பால் அரிந்தது. கடற்கரையில் கல்லையும் இரும்பையும் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உல்லாசப் பிரயாணி வருவான் என்கிறார்கள். அவன் அறுகம்பைக்குப் போகிறான். மொனராகலை வழியாகப் போகிறவன் கல்முனையைக் காண்பதே இல்லை.

நமக்குத் தண்டவாளமே வேண்டாமா என்றால், வேண்டும். வேறோர் இடத்தில் வேண்டும். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அங்கேயே நிற்கிறது. அங்கிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தப் பாதையைப் பொத்துவில் வரை நீட்டுவது பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் பேசுவார்கள். பேச்சுக்குப் பயணச்சீட்டுத் தேவையில்லை. ஒலுவிலில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நாடெங்குமிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். தறிக்காரனின் சரக்கும், மீன்பெட்டியும், வயலில் விளையும் நெல்லும் லொறியில்தான் போகின்றன. அந்தப் பாதை அமைந்தால் பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் ஒரே வண்டியில் ஏறும். பிரதேச செயலகத்தின் எல்லைக்காக 2019இல் உண்ணாவிரதம் வரை போன நாம், இதற்காக ஒருநாள் கூடச் சேர்ந்து பட்டினி கிடந்ததில்லை.

பாதையை ஊருக்கு மேற்கே, வயல்வெளியூடாகத்தான் கொண்டுபோக வேண்டும். போதிய மதகுகள் இல்லாமல் மேடு கட்டினால் மாரி வெள்ளம் தேங்கும். பொறியியலாளர்கள் மூளையைச் செலவிட வேண்டிய இடம் அதுதான். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மத்ரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை மூடிய வெள்ளத்தை உழவு இயந்திரப் பெட்டியில் கடக்க முயன்றார்கள். வெள்ளம் பெட்டியோடு அடித்துச் சென்றது. பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடி எடுத்தோம்.

இதைத்தான் அந்த இளைஞரிடம், கை கழுவிய பிறகு சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. "அந்த வீதிக்கு இப்போது பாலம் போட்டுவிட்டார்களா காக்கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் நேரில் போய்ப் பார்த்து வருவதாகவும் சொன்னார், போனாராம். இரண்டு நாள் கழித்து அவர் மெல்பேர்ன் திரும்பினார். பின்னேரம் கல்முனையில் வாடகை வேனில் ஏறி, இரவு முழுக்க ஓடி, விடியலில் கட்டுநாயக்கவை அடைந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தார்.