முரசுக்குள் ஒளிந்திருந்த கதை

ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' 1948 ஏப்ரலில் வெளியானது. அண்ணன் தம்பியான இரண்டு இளவரசர்கள் அரியணைக்கும் ஒரே பெண்ணுக்கும் மோதிக்கொள்கிறார்கள், கதை அவ்வளவுதான். எஸ். எஸ். வாசன் படத்தின் பெயரை விளம்பரப்படுத்தியபோது கதையே தயாராகியிருக்கவில்லை. கதை இலாகா பிறகுதான் அலைந்து தேடி, ரெனால்ட்ஸின் ஆங்கில நாவல் ஒன்றில் கிடைத்த பொறியை வைத்துக் கதை கட்டியது. ஆனாலும் படத்தின் முரசு நடனம் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகிறது. பிரமாண்டம் இருந்தால் கதையின் பலவீனம் மறைந்துவிடும் என்பதற்கு இந்தப் படத்தையே சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. ஆனால் நடனத்தை நிதானமாகப் பார்த்தால் அந்தச் சாட்சி வேறு கதை சொல்கிறது.

தம்பி சசாங்கனை மணக்கச் சந்திரலேகா சம்மதிக்கிறாள். ஒரு முரசு நடனம் நடக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. அரண்மனை முற்றத்தில் ஆளுயரத்துக்கும் பெரிய முரசுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றின்மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து அண்ணன் வீரசிம்மனின் படை வெளியே பாய்கிறது. அதுவரை அலங்காரமாக நின்ற செட் பொருள் ஒரே நொடியில் ஆயுதமாகிவிடுகிறது. முரசு அவ்வளவு பெரிதாக இருந்தது ஆட்கள் ஒளிவதற்காக. ஆட்டம் அவ்வளவு நேரம் நீண்டது சசாங்கனின் கண்ணைக் கட்டுவதற்காக. அந்த நடனத்தை வெட்டி எடுத்துவிட்டால் கிளைமாக்ஸே இல்லை. ஏ. கே. சேகரின் கலை இயக்கத்துக்குப் பின்னால் திரைக்கதை நின்றுகொண்டிருந்தது.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எளிய கதை வேறு, பலவீனமான கதை வேறு. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது எளிய கதை. ஒரு காட்சி நடந்ததால் அடுத்த காட்சி நடந்தது என்று சொல்ல முடியாமல், 'பிறகு', 'பிறகு' என்று மட்டுமே சொல்ல முடிந்தால் அது பலவீனமான கதை. எளிய கதையைப் பிரமாண்டம் தூக்கிச் செல்லும். பலவீனமான கதைக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தக் கதையில் அது பற்றிக்கொள்ளக் கொக்கியே இருப்பதில்லை.

சினிமா பிறந்த புதிதில் இந்தப் பிரச்சினை எழவில்லை. படம் அசைகிறது என்பதே பார்க்கப் போதுமானதாக இருந்தது. ஆய்வாளர் டாம் கன்னிங் 1980களில் அந்தக் காலத்துப் படங்களை 'ஈர்ப்புகளின் சினிமா' என்று வகைப்படுத்தினார். மேடை மாயவித்தைக்காரராக இருந்து இயக்குநரான ஜார்ஜ் மெலியஸ் அதன் உச்சம். 1902இல் வந்த அவருடைய நிலாப் பயணப் படம் உலகெங்கும் ஓடியது. பத்தே ஆண்டுகளில் பார்வையாளர்கள் கதைப் படங்களின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள், மெலியஸின் வித்தைகளோ அதே மேடைச் சட்டகத்துக்குள் நின்றுவிட்டன. தொழில் நொடித்துப்போய், பின்னாளில் பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருந்தார் அந்த மேதை. அவருடைய வீழ்ச்சிக்கு வேறு வணிகக் காரணங்களும் உண்டு. என்றாலும் வியப்பு சீக்கிரம் பழகிப்போகும் என்பதை முதலில் பட்டறிந்தவர் அவர்தான்.

வரைகலையின் காலத்தில் இதை நன்கு உணர்ந்து வேலை செய்த படம் 'ஜுராசிக் பார்க்' (1993). இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது சுமார் 15 நிமிடம். அதிலும் பெரும்பகுதி ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் இயந்திரப் பொம்மைகள். கணினியில் உருவானது ஆறு நிமிடம் அளவுக்குத்தான். அந்தப் படத்தில் யாரும் மறக்காத ஷாட்டில் டைனோசரே இல்லை. மழை இரவில் நின்றுபோன வண்டிக்குள் டம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்கிறது. வண்டிக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டித்தான் அந்த அதிர்வை வரவழைத்தார்கள். ஏதோ வருகிறது என்று வண்டிக்குள் இருக்கும் குழந்தைக்கு முதலில் தெரிகிறது. அந்தப் பயம் பார்ப்பவருக்கும் தொற்றிய பிறகே விலங்கு வேலியைத் தாண்டுகிறது.

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. போகிறார்கள், அதே வழியில் திரும்புகிறார்கள், ஒன்லைன் அவ்வளவே. இரண்டு மணி நேரப் படத்தில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள். ஆனாலும் கண் சலிப்பதில்லை. முக்கியமானது எதுவோ அது ஃப்ரேமின் நடுவிலேயே இருக்கும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீல் பிடித்துக் கொடுத்தார். அதை எடிட்டர் மார்கரெட் சிக்ஸெல் வெட்டிய விதத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் படத்தைத் தாங்கும் இடம் துரத்தல் எதுவும் இல்லாத ஓரிடம். தேடி வந்த பசுமை நிலம் இனி இல்லை என்று தெரிந்ததும் நாயகி ஃப்யூரியோசா மணலில் நடந்து சென்று மண்டியிட்டுக் கதறுகிறாள். திரும்பும் பயணத்தின் ஒவ்வொரு வெடிப்புக்கும் அர்த்தம் அங்கிருந்துதான் வருகிறது.

'அவதார்' (2009) பழைய கதை என்ற குறை நியாயமானதே. ஆனால் அது பலவீனமான கதை இல்லை. கால் செயலிழந்த நாயகன் ஜேக் புதிய உடலில் கண்விழித்ததும் தன் கால் விரல்களைப் பார்க்கிறான். யார் தடுத்தும் கேளாமல் வெளியே ஓடி, மண்ணில் விரல்களை ஊன்றி நிற்கிறான். இனி இவன் இந்த உடலை விடமாட்டான் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் அந்த ஷாட் சொல்லிவிடுகிறது. 'அவதார்' பெற்ற வெற்றியைப் பார்த்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டது 3டியை மட்டும். 2010இல் 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' படப்பிடிப்பு முடிந்த பிறகு சில வாரங்களில் 3டிக்கு மாற்றப்பட்டது. வசூல் நன்றாகவே இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. பிரமாண்டத்தால் முதல் வார டிக்கெட்டை விற்க முடியும். ஆனால் அந்தப் படத்தின் ஒரு காட்சியை இன்று நினைவிலிருந்து சொல்பவர் அரிது, 3டி மீது பார்வையாளருக்கு வந்த அலுப்பில் அதற்கும் பங்கு உண்டு.

தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட 'பாகுபலி'யின் (2015) முதல் பாகத்தில் சிவலிங்கத்தைப் பெயர்த்துத் தோளில் சுமக்கும் காட்சி வரைகலைக்காகவும் உடல் வலிமைக்காகவும் புகழப்படுகிறது. உண்மையில் அது தாயைப் பற்றிய காட்சி. மகனுக்காக நேர்ந்துகொண்டு குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கும் அவள் படும் பாடு பொறுக்காமல், லிங்கத்தையே அருவிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறான். எடை எவ்வளவு என்பதைவிட எதற்காகத் தூக்கினான் என்பதுதான் கைதட்டலை வாங்கியது.

பிரமாண்டமும் கதையும் ஒட்டாமல் போகும் கோளாறு வேலை நடக்கும் முறையில்தான் தொடங்குகிறது. வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிடும், செட் போட ஆரம்பித்தாகிவிடும், விஎஃப்எக்ஸ் ஷாட்டுகளின் பட்டியல் கம்பெனிக்குப் போய்விடும். திரைக்கதையின் இரண்டாம் பாதி மட்டும் டிஸ்கஷனிலேயே கிடக்கும். ஒப்புக்கொண்ட ஷாட்டை மாற்றினால் பணம் போகும் என்பதால், கதையைத்தான் ஷாட்டுக்கு ஏற்ப வளைக்கிறார்கள். காகிதத்தில் ஒரு காட்சியை அடித்து எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு பேனா. அதே திருத்தத்தை ரெண்டரிங் முடிந்த பிறகு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரையும் எடிட்டரையும் எழுத்து நடக்கும்போதே உட்கார வைக்கும் படங்களில் இந்த நெருக்கடி பெருமளவு தவிர்க்கப்படுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெரிய ஷாட்டுக்கும் அப்போது ஒரு கேள்வி கேட்க முடியும்: இது முடிந்த பிறகு எந்தப் பாத்திரத்துக்கு என்ன மாறுகிறது?

இன்று ஒரு படத்தைப் பெரும்பாலும் திரும்பப் பார்ப்பது கைப்பேசியில். அங்கே அளவின் மிரட்டல் செல்லாது. கே. வி. ரெட்டி இயக்கி மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த 'மாயாபஜார்' (1957) அந்தச் சிறு சதுரத்திலும் குறைவதில்லை. லட்டுகள் தாமாகப் பறந்து கடோத்கஜன் வாயில் விழும் தந்திரக் காட்சிகள் ஒருபுறம் இருக்கட்டும். மணப்பெண் வத்சலையின் உருவத்தில் இருப்பவன் கடோத்கஜன் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், கல்யாண வீட்டாருக்குத் தெரியாது. அந்த ஒரு தகவல் போதும். வத்சலையாக நடித்த சாவித்திரி பட்டுச்சேலையும் நகையும் அணிந்து மீசை முறுக்குபவனைப்போலத் தோளை நிமிர்த்தி நான்கு அடி நடந்தால், எந்த ஒளிப்பதிவுத் தந்திரமும் இல்லாமலே திரையில் ஓர் அரக்கன் நடந்து போகிறான்.