ஒன்பதாம் எண் கடைசியில் வரட்டும்

லினக்ஸ் சர்வரில் ஒரு புரோகிராம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், அதைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர்களில் பலர் யோசிக்காமல் தட்டும் கட்டளை ‘கில் -9’. சக ஊழியரிடமிருந்து தொற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம் தவறானது. உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியல் 2017 நவம்பரிலிருந்து முழுக்க லினக்ஸ் கணினிகளாகவே இருக்கிறது. அன்றாடம் நாம் நம்பியிருக்கும் இணையச் சேவைகளில் பெரும்பகுதியும் லினக்ஸில்தான் ஓடுகிறது. அங்கே ஓடும் வேலையை எப்படி நிறுத்துகிறோம் என்பது அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களையும் பாதிக்கும்.

கில் கட்டளை தானாக எதையும் நிறுத்துவதில்லை. ஒரு சிக்னலை அனுப்புகிறது, அவ்வளவுதான். எண் எதுவும் கொடுக்காவிட்டால் போவது 15, அதாவது டெர்ம். ‘முடித்துக்கொள்’ என்ற வேண்டுகோள் அது. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் அதைப் பெற்றதும் பாதியில் நிற்கும் கோப்பை எழுதி முடிக்கும், தற்காலிகக் கோப்புகளை நீக்கும், தான் தொடங்கிய துணை வேலைகளை நிறுத்திவிட்டு வெளியேறும். 9 அப்படியல்ல. அதைப் புரோகிராமால் மறுக்கவும் முடியாது, பிடித்து வைத்துக் கையாளவும் முடியாது. இயக்க முறைமையின் மையமான கெர்னல் அந்தப் புரோகிராமை அப்படியே அகற்றிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரியும். நீண்ட நேரம் ஓடும் ஒரேயொரு வினவலை நிறுத்த நினைத்து அதன் புராசஸுக்கு 9 அனுப்பினால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று சர்வர் கருதி மற்ற எல்லோருடைய இணைப்புகளையும் துண்டித்து, மீட்புப் பணியில் இறங்குகிறது. அதே புராசஸுக்கு 15 அனுப்பியிருந்தால் அந்த ஓர் இணைப்பு மட்டும் மூடப்பட்டிருக்கும். சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்களும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. சிஸ்டம்டி முதலில் டெர்ம் அனுப்பி, வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, அதன் பிறகே 9-ஐ எடுக்கிறது. குபெர்னெட்டிஸ் 30 விநாடி தருகிறது, டாக்கர் 10. இயந்திரத்துக்கே கற்றுக்கொடுத்த பொறுமையை மனிதர்கள் கைவிடக் காரணம் எதுவும் இல்லை.

மின்சாரம் போனாலும் தாங்கும்படிதான் மென்பொருளை எழுத வேண்டும், அப்படி எழுதினால் 9 என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி வலுவானது. நல்ல தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் மீட்புக்கும் நேரம் ஆகும். அதுவரை பயனர்கள் காத்திருக்க வேண்டும். அலுவலகங்களில் இரவில் ஓடும் சிறு ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பதிவேடே கிடையாது. பாதி எழுதிய அறிக்கைக் கோப்பு மறுநாள் முழுமையானதாகவே எண்ணப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

நினைவகத்தை விழுங்கிக்கொண்டு ஓடும் வேலையிடம் வேண்டுகோள் வைக்க நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டாப் சிக்னல் வேலையை அந்த இடத்திலேயே உறைய வைக்கும். பிடித்த நினைவகம் திரும்பி வராது என்றாலும், மேலும் பிடிப்பது நிற்கும். நிதானமாக ஆராய்ந்து, தேவைப்பட்டால் கன்ட் சிக்னலால் தொடரவும் விடலாம். டெர்மினலில் நம் கண்முன் ஓடும் வேலைக்குக் கண்ட்ரோலும் இசட்டும் போதும். பிறகு ‘பிஜி’ என்றால் பின்னணியில் தொடரும், ‘எஃப்ஜி’ என்றால் முன்னுக்கு வரும். தவிர, 9 எப்போதும் வெல்லும் என்பதும் உண்மையில்லை. பழுதான வட்டுக்காகவோ வலையமைப்புச் சேமிப்பகத்துக்காகவோ காத்திருக்கும் புராசஸ், ‘பிஎஸ்’ பட்டியலில் டி என்ற நிலையில் தெரியும். அந்தக் காத்திருப்பு தீரும்வரை 9 கூடப் பலிக்காமல் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது வட்டையும் வலையமைப்பையும்தான்.

டெர்ம் அனுப்பிக் காத்திருந்தும் அசையாத வேலைக்கு 9 தேவைதான். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நிலையில் அதை எடுப்பது என்பதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பழக்கிவிட வேண்டும். இயக்க முறைமைப் பாடத்தில் புது புராசஸை உருவாக்கும் ஃபோர்க் அழைப்பைச் செய்முறையாகச் செய்துபார்க்கும் மாணவர், கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும் சிறு புரோகிராம் ஒன்றையும் எழுதட்டும். டெர்ம் வந்தால் கடைசி வரியை முடித்துவிட்டு அது வெளியேற வேண்டும். அதை ஒருமுறை 15-ஆலும் ஒருமுறை 9-ஆலும் நிறுத்தி, இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து விளக்கச் சொன்னால் மதிப்பெண் தரலாம்.