சங்கரா மீன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? கடற்றொழில் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பெரகல, ஊவா மாகாணம்

மாண்புமிகு கடற்றொழில், நீரியல் மற்றும் கடல் வளங்கள் அமைச்சர் அவர்களுக்கு,

சங்கரா, செப்பிலி முதலிய பெயர்களில் வழங்கும் லுட்ஜானிடே குடும்பத்து மீன்கள் வெப்பக் கடல்களின் பாறைகளையும் திட்டுகளையும் அண்டி வாழ்பவை. இவற்றுட் பல மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ரோலித் திட்டுகளில் பிடிபட்ட ஒன்றின் செவிக்கல் வளையங்களை எண்ணியபோது அதன் வயது 81 எனத் தெரிந்தது. இப்படிப்பட்ட இனம் அருகிப்போனால் நெத்தலியைப் போல ஓரிரு ஆண்டுகளில் மீண்டுவிடாது.

தாய் மீனின் பருமனும் முக்கியம். அமெரிக்கக் கடலின் சிவப்புச் சங்கராவில் 61 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு மீனின் முட்டைகள், 42 சென்ரிமீற்றர் நீளமுள்ள 212 மீன்களின் முட்டைகளுக்குச் சமம் என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே, கரைக்கு வரும் தொன் கணக்கை மட்டும் நம்புவது ஆபத்தானது. எடை குறையாமலே தாய் மீன்கள் தீர்ந்துபோகக்கூடும்.

எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு இலங்கைக்கு அவசரமானது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டில் மீன்பிடிக்கும் வாய்ப்பு, இந்தியாவுடனான 1976ஆம் ஆண்டு உடன்பாட்டால் முடிவுக்கு வந்தது. எஞ்சியது ஒடுங்கிய கண்டமேடையும் அதன் திட்டுகளுமே. நான்சன் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இங்கு வளங்களை அளந்தது; அடுத்து வந்தது 2018இல். அந்த ஆய்விலும் ஓர் இடைவெளி தவிர்க்க முடியாதது: கரடுமுரடான பாறைத்தரையில் இழுவை வலை ஓடாது, சங்கரா வாழ்வதோ அங்குதான். கரையிலுள்ள பதிவுகளும் கைகொடுப்பதில்லை. சங்கரா, விளைமீன், களவா எல்லாம் 'பாறை மீன்' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. ஓரினம் குறைவதை இன்னோர் இனத்தின் எடை மறைத்துவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பப் பெருஞ்செலவு தேவையில்லை. வெப்பக் கடல் மீன்களின் வயதை அறிவது கடினம் என்பதால், டானியல் பவுலி போன்ற அறிவியலாளர் 1980களில் நீளத்தைக் கொண்டே இருப்பை மதிப்பிடும் முறைகளை வளர்த்தனர். பிடிபடும் மீன்களின் நீளப் பரம்பலை, அந்த இனம் முதிரும் நீளத்தோடும் அதன் உச்ச நீளத்தோடும் ஒப்பிட்டால், பிடிக்கப்படாத நிலையில் இருந்திருக்கக்கூடிய முட்டையிடும் ஆற்றலில் எவ்வளவு எஞ்சியுள்ளது எனக் கணிக்கலாம். 40 வீதம் நல்ல இலக்கு. 20 வீதத்துக்குக் கீழ் இறங்கினால் அபாயம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இந்தோனேசியாவில் படகுத் தொழிலாளரே மீன்களை அளவுப் பலகையில் வைத்துப் படமெடுத்துத் தருகின்றனர். தூண்டிலின் அளவும் பிடித்த ஆழமும் முடிவை மாற்றும் என்பதால் அவற்றையும் சேர்த்துப் பதிவது கட்டாயம்.

கடலைக் காணாத மலைநாட்டுக்கும் இதில் பங்குண்டு. கருவாட்டையும் டின் மீனையும் நம்பியிருக்கும் தோட்டக் குடும்பங்களுக்குப் பச்சை மீன் ஏற்கனவே அரிது. கரையில் மீன் அருகி விலை ஏறினால், பெரகல சந்தி தாண்டி மேலேறும் மீன் முதலில் எட்டாமற்போவது லயங்களுக்குத்தான்.

2017இல் இழுவை வலையைச் சட்டத்தால் தடைசெய்த நாட்டுக்கு இந்த அடுத்த படி பெரிதல்ல. நீர்கொழும்பு, மிரிஸ்ஸ, திருகோணமலை, பருத்தித்துறை இறங்குதுறைகளில் சங்கரா வகைகளை இனம் பிரித்து அளக்கவும், அரசின் நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாரா அந்த மதிப்பீட்டை ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடவும், அதன்படி இனவாரியாகக் குறைந்தபட்ச நீளத்தை விதிக்கவும் அமைச்சு ஆவன செய்ய வேண்டும்.