எஞ்சியது அழுக்கா?

"புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகப் பிரித்தவர் யார்?" தேர்வில் இது ஒரு மதிப்பெண் வினா. 'ஸ்டான்லி, 1935' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். எப்படிப் பிரித்தார் என்று நம்மை யாரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் ஸ்டான்லி, நோயுற்ற புகையிலைச் செடிகளை உறையவைத்து அரைத்துச் சாறெடுத்தார். அதில் அம்மோனியம் சல்பேட்டைச் சேர்த்தார். நம் உழவர்கள் வயலுக்கு இடும் அதே உப்புதான்! உப்பு மிகுந்ததும் வைரஸ் கரைசலில் நிற்க முடியாமல் வீழ்படிவாயிற்று. கரைப்பதும் மீண்டும் வீழ்த்துவதுமாகப் பலமுறை செய்தபின் ஊசி போன்ற படிகங்கள் கிடைத்தன. அவற்றைக் கரைத்து நல்ல இலையில் தேய்த்தால் நோய் வந்தது. வைரஸ் என்பது ஒரு புரதமே என்று அவர் முடிவு கட்டினார். உலகம் வியந்தது.

ஆனால் இங்கிலாந்தில் பாடனும் பிரீயும் அதே வைரஸைத் தாமே தூய்மைப்படுத்திச் சோதித்தனர். பாஸ்பரஸ் சுமார் 0.5 விழுக்காடும் கார்போஹைட்ரேட் சுமார் 2.5 விழுக்காடும் இருக்கக் கண்டனர். கழுவப்படாத அழுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. அது ரிபோ நியூக்ளிக் அமிலத்தின் அடையாளம் என்று 1936 இல் அறிவித்தனர். அந்த அமிலம் தனித்தே நோயை உண்டாக்கும் என்பது 1956 இல் மெய்ப்பிக்கப்பட்டது. அற்பமென்று தோன்றியதே வைரஸின் உயிர்நாடி!

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சென்ற பருவத்தில் துணைப்பாட வேதியியல் செய்முறையில் என் பியூரெட் அளவு 18.6 மி.லி. வந்தது. பக்கத்து மேசை நண்பர்கள் எல்லோருக்கும் 17.9. நான் அழித்துவிட்டு 17.9 என்று எழுதினேன். கையொப்பமும் கிடைத்தது. பியூரெட்டில் காற்றுக்குமிழி இருந்ததா, என் கரைசல்தான் வேறா? இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

"நம் கல்லூரியில் அதிவேக மையவிலக்குக் கருவி இல்லையே" என்பார்கள். ஸ்டான்லி 1935 இல் படிகம் பெற்றதும் அக்கருவியால் அன்று. நம்மிடம் இல்லாதது கருவி மட்டுமா? கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாறுபட்ட அளவு வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். காரணத்தைத் தேடி எழுதுபவருக்குக் கூட்டிக் கொடுங்கள். நண்பர்களே, ரெக்கார்டு நோட்டில் கைவைக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். நாம் அழிப்பது பிழையாக இருக்கலாம், அந்த 0.5 விழுக்காடாகவும் இருக்கலாம்.

— மூன்றாம் ஆண்டு, தாவரவியல்